வி-ஸ்ட்ராம் 650 தினசரி ஓட்டத்துக்குச் சரிப்படுமா?

கேள்வி, ஜனவரி 6

பழைய சுசுகி வி-ஸ்ட்ராம் 650 பைக் ஒன்று கைக்கு வருகிறது, 2017 மாடல். தினம் போக வர 40 கி.மீ. அதில் பாதி நெரிசல், பாதி திறந்த சாலை. மாதம் ஒரு தடவை பின்னால் ஆளை வைத்து நீண்ட ஓட்டம், எப்போதாவது மண் பாதை. என் உயரம் 168 செ.மீ. "எல்லாத்துக்கும் ஏற்ற வண்டி" என்கிறார்கள். அப்படியென்றால் எதற்குமே முழுசாக ஏற்றதில்லை என்றுதானே அர்த்தம்?

பதில், ஜனவரி 6, இரவு

எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம். 645 சி.சி., 90 டிகிரி வி-ட்வின் (V வடிவில் நிற்கும் இரண்டு சிலிண்டர்), சுசுகியின் எஸ்வி650 பைக் வழி வந்தது. நிமிடத்துக்கு 8,800 சுற்றில் 71 குதிரைத்திறன், 6,500 சுற்றில் 62 நியூட்டன் மீட்டர். நீங்கள் தினமும் இருக்கப்போவது 3,000-க்கும் 5,500-க்கும் நடுவில். அந்த இடத்தில் இழுவை தாராளம்.

தினசரி ஓட்டத்தில் சோதிப்பது வேறு மூன்று: 213 கிலோ எடை, 835 மி.மீ. சீட் உயரம், 1,560 மி.மீ. வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்). வண்டி நகர ஆரம்பித்ததும் மூன்றும் மறந்துபோகும். நிற்கும்போது, தள்ளும்போது, குறுகலான இடத்தில் திருப்பும்போதுதான் கூடவே வரும். அதனால் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக நிறுத்தும் மாதிரியான இடத்தில் பின்னோக்கித் தள்ளி, ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்பி வெளியே எடுத்துப் பாருங்கள். அதுதான் நிஜமான டெஸ்ட் ரைடு.

ஜனவரி 7

உயரம் பற்றி. 168 செ.மீ. ஆளுக்கு இரண்டு காலும் முன்பாதத்தில் நிற்கும். இடுப்பை ஓரம் தள்ளினால் ஒரு கால் முழுசாகப் பதியும். ஒரு கால் போதும். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் மேடான பக்கம் கால் இறங்க வேண்டும். இரண்டு காலும் பதியும் ஆட்கள்கூட வண்டியைப் போடுவது பள்ளமான பக்கம் கால் வைக்கும்போதுதான்.

பெட்ரோல் டேங்க் 20 லிட்டர். முழுசாக நிரப்பினால் ஏறக்குறைய 15 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். பழகும் வரை பாதி டேங்கோடு ஓட்டுங்கள். நெரிசலில் ஏழரை கிலோ குறைவது கையில் தெரியும்.

ஜனவரி 7, மாலை

"குறைந்த வேகத்தில் வெட்டி வெட்டி இழுக்கிறதாமே" என்று அடுத்த கேள்வி. வி-ட்வின் எல்லாமே ஓரளவு அப்படித்தான். நான்காவது கியரில் 2,500 சுற்றுக்குக் கீழே விட்டால் உதறும். தீர்வு சுலபம்: செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில், முன்னால் 15 பல்லுக்குப் பதிலாக 14 போடுங்கள். பின்னால் 47 அப்படியே. விகிதம் 3.13-லிருந்து 3.36 ஆகும், ஏழு சதவீதம் கூடுதல் இழுவை.

செயின் தொய்வு 20 முதல் 30 மி.மீ. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கீழ்ச் செயினின் நடுவில் அளக்கவும்.

ஜனவரி 8

நேற்று எழுதியதில் இரண்டு தவறு.

ஒன்று, இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கூடவே வருவதில்லை, தனியாக வாங்கிப் பூட்டுவது. 20–30 மி.மீ. என்பது சைட் ஸ்டாண்டில் நிற்கும்போது அளக்கும் அளவு. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும். ஸ்விங்ஆர்ம், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை, அதன் கோணம் மாறினால் தொய்வும் மாறும். அங்கே அளந்து 25 வைத்துவிட்டு, சைட் ஸ்டாண்டில் இறக்கி எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள், வித்தியாசம் புரியும்.

எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்றால், முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நொடியில் செயின் மிக இறுக்கமாகிறது. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறி, பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது வருவது அந்த நிலைதான். தொய்வில்லாமல் கட்டிய செயின் அப்போது கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். கொஞ்சம் தொய்வாக இருந்தால் சத்தம்தான் போடும். இறுக்கமாக இருந்தால் சத்தமே போடாமல் கெடுக்கும்.

சக்கரத்தை மெல்லச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளக்கவும். ஓரிடத்தில் 20, இன்னொரு இடத்தில் 35 என்று வந்தால் செயின் ஒரே மாதிரி தேயவில்லை. இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்த அளவு வித்தியாசம் வந்துவிட்டால் செயினுக்கு நாள் குறித்தாயிற்று.

இரண்டாவது தவறு, உதறலுக்கு முதல் மருந்தாக ஸ்ப்ராக்கெட்டைச் சொன்னது. அது கடைசி மருந்து. வரிசை இப்படி: முதலில் செயின் தொய்வு. அடுத்து த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கேபிளின் ஆட்டம், 2 முதல் 4 மி.மீ. இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் 7, 8 வரை போயிருக்கும். கை திருப்பியதும் ஒன்றும் நடக்காது, பிறகு சட்டென்று பிடிக்கும், அந்த இடைவெளியைத்தான் எல்லோரும் "எஞ்சின் உதறுகிறது" என்கிறார்கள். அடுத்து கிளட்ச் லீவர் நுனியில் 10–15 மி.மீ. ஆட்டம். அதற்குப் பிறகும் உதறினால் இரு சிலிண்டருக்கும் காற்று விடும் இரண்டு த்ராட்டில் பாடியையும் வேக்யூம் கேஜ் வைத்து ஒத்திசைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் 14 பல் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

வேண்டும் என்றால் விலையும் உண்டு. திறந்த சாலையில் 5,000 சுற்றில் போன அதே வேகத்துக்கு இப்போது 5,350. சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் இன்னும் கூர்மையாக மடியும், ஸ்விங்ஆர்ம் மேலுள்ள ரப்பர் பட்டையையும் சீக்கிரம் தின்னும். பாதி திறந்த சாலை என்கிற உங்களுக்கு நான் 15-ஐத்தான் சொல்வேன்.

ஜனவரி 8, இரவு

2017 மாடலில் கிளட்ச் விடும்போது எஞ்சின் சுற்றைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. நெரிசலில் நல்ல உதவி. ஆனால் அதை நம்பி த்ராட்டில் கொடுக்காமலே கிளட்ச் விடப் பழகினால், மேட்டில் பின்னால் ஆளோடு நிற்கும்போது வண்டி அணைந்து கவிழும்.

மெதுவாகத் திரும்ப: த்ராட்டிலை ஒரே நிலையில் பிடி, கிளட்சைப் பாதியில் வை, வேகத்தைப் பின் பிரேக்கால் கட்டுப்படுத்து. திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதே. 213 கிலோவும் அந்த ஒரு விரல் அசைவுக்காகத்தான் காத்திருக்கும்.

ஜனவரி 11

வண்டியின் மொத்த அகலம் 835 மி.மீ., சீட் உயரமும் 835. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதே எண். இரு பக்கமும் தொங்கும் பன்னியர் பெட்டி மாட்டினால் அகலம் ஹேண்டிலைத் தாண்டிவிடும், அதோடு சந்துகளில் நுழையும் கதை முடிந்தது. தினசரிக்கு டாப் பாக்ஸ் மட்டும் போதும், அதிலும் கனமானதை வைக்காதீர்கள். டாப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் உட்காருகிறது. அங்கே ஏறும் எடை முன்சக்கரத்தைத் தூக்கும், வேகத்தில் ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பிக்கும். கனமான சாமான் டேங்க் பையிலோ, பன்னியரின் அடியிலோ.

ஜனவரி 12

சஸ்பென்ஷன். "முன்னால் ரொம்ப மெத்தென்று அமுங்குகிறது, ப்ரீலோட் (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஏற்றினால் ஸ்ப்ரிங் கடினமாகிவிடும்தானே?"

ஆகாது. ப்ரீலோட் ஸ்ப்ரிங்கைக் கடினமாக்குவதில்லை, வண்டி நிற்கும் உயரத்தை மட்டும் மாற்றுகிறது. ஸ்ப்ரிங் அதே ஸ்ப்ரிங்தான்.

அளக்கும் முறை. இரண்டு பேர் வேண்டும். சக்கரம் தொங்கும்படி தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுநர் முழு உடையில் உட்காரட்டும், இன்னொருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கட்டும். ஒரு தடவை அமுக்கி மெல்ல விட்டு அளவு எடுங்கள். ஒரு தடவை தூக்கி மெல்ல விட்டு இன்னொரு அளவு. உராய்வினால் இரண்டும் ஒத்துவராது, சராசரி எடுக்கவும். முதல் அளவில் இதைக் கழித்தால் வருவது சேக், அதாவது எடை ஏறியதும் வண்டி அமுங்கும் அளவு. முன்னால் மொத்த ஓட்டம் 150 மி.மீ., பின்னால் 160. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, முன்னால் 40–45, பின்னால் 45–50 வந்தால் நல்லது.

வராவிட்டால் பின்னால் வேலை சுலபம், பக்கவாட்டில் குமிழ் இருக்கிறது, கையாலேயே திருகலாம். பின்னால் ஆள் ஏறும் நாளில் ஏற்றி, இறங்கியதும் இறக்க வேண்டும். பலர் ஏற்றியதோடு மறந்துவிடுகிறார்கள். அப்புறம் தனியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு குதிக்கிறது என்று புகார்.

ஆள் உட்கார்ந்த சேக் சரியாக வந்து, ஆள் இல்லாதபோது வண்டி தன் எடைக்கு அமுங்கவே இல்லை என்றால், ஸ்ப்ரிங் உங்கள் எடைக்கு மெல்லியது. ப்ரீலோடால் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு ஸ்ப்ரிங்தான் மாற்ற வேண்டும். பிரேக் பிடித்ததும் மூக்கு குத்தும் புகாருக்கும் அதே பதில். கூடவே ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்) ஆயிலையும் மாற்றுங்கள், பழைய வண்டியில் அது எண்ணெயாக இருப்பது சந்தேகம்தான்.

ஜனவரி 13

டயர். முன் 110/80-19, பின் 150/70-17. குளிர்ந்த நிலையில் தனி ஆளுக்கு முன் 33, பின் 36 பி.எஸ்.ஐ. ஆள் ஏறினால் பின் 41, முன் அதே 33. வெப்பம் ஐந்தாறு டிகிரி மாறினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. மாறும். அதனால் ஓட்டி முடித்துச் சூடாக இருக்கும்போது அளந்து காற்றைக் குறைக்க வேண்டாம்.

எப்போதாவது வரும் மண் பாதைக்காகப் பொத்தான் பொத்தானாக இருக்கும் பாதி-பாதி டயர் போட்டுக்கொண்டு 40 கி.மீ. தார்ச்சாலையில் தினமும் ஊளையிட வேண்டாம். ஈரச் சாலையில் பிரேக் தூரமும் கூடும். சாலைக்கென்றே வரும் அட்வென்சர் டயர் காய்ந்த மண் பாதைக்குத் தாங்கும். சேற்றுக்குத் தாங்காது. சேறு என்றால் டயர் மாற்றினாலும் இந்த எடைக்கு வேடிக்கையாக இருக்காது.

ஜனவரி 13, பின்குறிப்பு

மண் என்றதும் நினைவுக்கு வந்தது. இந்த வண்டியில் ஏ.பி.எஸ்.ஸை அணைக்க முடியாது. பின்சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலை அணைக்கலாம், ஏ.பி.எஸ். மட்டும் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். சரளை இறக்கத்தில் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், நிற்கும் தூரம் நீளும். இறங்குமுன் முதல் கியருக்கு வந்து எஞ்சினால் கட்டுப்படுத்துங்கள். ஃப்யூஸைப் பிடுங்குகிற யோசனை வேண்டாம், திரும்பப் போட மறந்து மழைச் சாலைக்கு வருவது எளிது.

ஜனவரி 17

காற்று. திறந்த சாலையில் ஹெல்மெட் படபடவென்று அடிக்கிறது என்பது இந்த வண்டி பற்றிய பழைய புகார். உயரமான விண்ட்ஸ்க்ரீன் வாங்குங்கள் என்பார்கள். வாங்குமுன் ஒரு சோதனை: நேரான, காலியான சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே சீட்டிலிருந்து மெல்ல எழுந்து பாருங்கள். பிறகு குனிந்து பாருங்கள். எழும்போது சத்தம் சீராகி அமைதியானால் உங்களுக்கு வேண்டியது குட்டையான ஸ்க்ரீன். குனியும்போது அமைதியானால் உயரமானது. ஹெல்மெட்டை அடிப்பது ஸ்க்ரீனின் மேல் விளிம்பிலிருந்து சுழன்று வரும் காற்று. தலை முழுக்கக் காற்றுக்குள் இருந்தாலும் சரி, முழுக்க வெளியே இருந்தாலும் சரி; எல்லையில் இருப்பதுதான் தலைவலி.

2017-இல் ஸ்க்ரீனை மூன்று உயரத்தில் வைக்கலாம், ஆனால் கையால் அல்ல, போல்ட் கழற்றி. முதலில் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஆலன் சாவிக்கு ஆகும் செலவு புது ஸ்க்ரீனைவிடக் குறைவு.

ஜனவரி 19

வாங்கப் போகும் அன்று பார்க்க வேண்டியவை. கோட்டைப் போட்டு வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எல்லாம் ஒரே கனம் இல்லை.

செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளக்கவும். புதுச் செயினில் 317.5 மி.மீ., 319.4-ஐத் தாண்டினால் ஸ்ப்ராக்கெட் இரண்டோடும் சேர்த்து மாற்ற வேண்டும். வெறும் 1.9 மி.மீ. வித்தியாசம்தான், ஸ்கேலைவிட வெர்னியர் நல்லது.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம். பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பர் காய்ந்திருந்தால் விலையில் கழியுங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்ல நடுவைக் கடந்து திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஒரு குழியில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் பேரிங் போயிற்று.

எஞ்சின் 5,000 சுற்றில் பேட்டரி முனையில் மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 13-ஐ ஒட்டி நின்றால் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக்குவது), அல்லது ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்குவது), அல்லது நடுவில் உருகிய இணைப்பு. முதலில் இணைப்பைப் பிரித்து, பின்கள் பழுப்பேறியிருக்கிறதா பாருங்கள்.

வால்வு கணக்கைத்தான் கடுமையாகக் கேட்க வேண்டும். 24,000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வு இடைவெளி சோதனை. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், உள்வால்வு 0.10–0.20, வெளிவால்வு 0.20–0.30 மி.மீ. "சத்தமே இல்லை, அதனால் சோதிக்கவில்லை" என்று விற்பவர் சொன்னால் பெருமை இல்லை. வால்வு தன் இருக்கையில் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே போகும், சத்தமும் குறையும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது, வெளிவால்வு கருகும். முன் சிலிண்டருக்கு ரேடியேட்டரை நகர்த்த வேண்டும், பின் சிலிண்டருக்கு டேங்கைத் தூக்கி ஏர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடான ஷிம்மை மாற்ற வேண்டிவந்தால் கேம்ஷாஃப்டும் வெளியே வரும். வேலை நேரம் அதிகம், அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள். சோதித்த தேதியும் அளவுகளும் எழுதிய தாள் இல்லையென்றால், சோதிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஜனவரி 20

மழையில் ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடி, வெயில் வந்ததும் சரியாகிவிடும் வண்டி. இதைக் கேட்டதும் ஈ.சி.யு. (எஞ்சினின் கணினி), பெட்ரோல் தெளிக்கும் ஊசி, பம்ப் என்று ஓட வேண்டாம். முன் சிலிண்டரின் பிளக் உட்காரும் குழியைப் பாருங்கள். முன்சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் நேரே அங்கே வருகிறது. வடிவதற்குச் சிலிண்டரின் பக்கவாட்டில் சின்னத் துளை உண்டு. அது சேற்றால் அடைபட்டால் குழியில் தண்ணீர் தேங்கி, பிளக் மூடிக்குள் பொறி தரைக்கு ஓடிவிடும்.

மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, காற்றடித்துத் திறக்கவும். பிளக்கைக் கழற்றுமுன் குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது கட்டாயம். இல்லையென்றால் மணல் சிலிண்டருக்குள் விழும். மூடியின் ரப்பரில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகப் பூசுங்கள். முன் மட்கார்டுக்கு ஒரு நீட்டிப்புப் பட்டை போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும். ரேடியேட்டரும் நன்றி சொல்லும்.

ஆயில் ஃபில்டரும் எக்ஸாஸ்ட் குழாயும் முன்சக்கரத்துக்குப் பின்னால் அப்பட்டமாக நிற்கின்றன. மண் பாதை என்று சொன்னதால், மற்ற எந்த அலங்காரத்துக்கும் முன்னால், எஞ்சினுக்கு அடியில் பூட்டும் பாதுகாப்புத் தகடு.

ஜனவரி 22

"வேறு எதுவும் பார்க்கலாமா?" பார்க்கலாம். கவாசாகி வெர்சிஸ் 650-க்கு இரண்டும் 17 அங்குலச் சக்கரம்; சாலை மட்டும் என்றால் திருப்பத்தில் அது சுறுசுறுப்பு. யமஹா டெனெரே 700-க்கு முன் 21-ம் பின் 18-ம், சீட் 875 மி.மீ.; மண்தான் முக்கியம் என்றால் அது, உங்கள் உயரத்துக்கு நெரிசலில் தவிப்பு. ஹோண்டா என்சி750எக்ஸில் டேங்க் இருக்கும் இடத்தில் ஹெல்மெட் வைக்கும் அறை, பெட்ரோல் சீட்டுக்கு அடியில், எடை கீழே. வெறும் வேலைக்குப் போய்வர என்றால் அதுதான் புத்திசாலித்தனம். உங்கள் கணக்கில் மூன்று வேலையும் கலந்திருப்பதால் 19 அங்குல முன்சக்கரமுள்ள இந்த வி-ஸ்ட்ராமில்தான் வந்து நிற்பீர்கள்.

ஜனவரி 26

வாங்கியாயிற்று, உயரத்தைக் குறைக்க லிங்க் (பின் சஸ்பென்ஷனை இணைக்கும் துண்டு) மாற்றப் போகிறேன் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் ஆயிரம் கி.மீ. அப்படியே ஓட்டுங்கள், அதற்குள் பாதிப் பயம் போய்விடும். போகாவிட்டால் சீட்டின் முன்பக்க நுரையை 20 மி.மீ. செதுக்கி, இரு ஓரத்தையும் குறுக்கலாம். தொடை உள்ளே போனால் கால் தானே நீளும்.

அதற்கும் பிறகு லிங்க்தான் என்றால்: நீளமான லிங்க் பின்பக்கத்தை இறக்கும். முன்னால் ஃபோர்க் குழாயையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே தள்ளி ஈடுகட்ட வேண்டும், இல்லையேல் ஸ்டீயரிங் சோம்பிப்போகும். தள்ளியபின் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது மட்கார்டு ரேடியேட்டரையோ கீழ் கிளாம்பையோ தொடாது என்று உறுதி செய்யுங்கள். செயின் தொய்வைப் புதிதாக அளக்கவும். முன்விளக்கின் கோணம் மாறியிருக்கும்.

ஜனவரி 26, சற்று நேரம் கழித்து

சைட் ஸ்டாண்டை விட்டுவிட்டேன். வண்டி இறங்கியதும் ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி போதுமான அளவு சாயாமல் நிமிர்ந்து நிற்கும், லேசான காற்றிலோ மறுபக்கச் சரிவிலோ வலப்பக்கம் விழும். எவ்வளவு இறக்கினீர்களோ அதற்கேற்ப ஸ்டாண்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். வெட்டுமுன் ஒரு பலகையைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, எந்தச் சாய்வு சரி என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டியதை ஒட்ட முடியும், ஆனால் அது அசிங்கமாக இருக்கும்.

விழுந்தே விட்டால்: வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைட் ஸ்டாண்டை வெளியே தள்ளி, கியரில் போட்டு, ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுக்க ஒடித்து, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் காலால் பின்னோக்கி நடந்து தூக்குங்கள். முதுகை வளைத்து இழுக்காதீர்கள். லீவர் கிளாம்புகளை அடித்தால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வைத்தால், நிற்கும் இடத்தில் விழும் வண்டியில் லீவர் முறியாது.